உஷார்! த்ராட்டில் பாடி ஹோஸில் கை வைக்க விடாதீர்கள்

ஐந்தாறு வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்களா? "பிக்கப் ஏத்தித் தர்றோம் சார், பெரிய செலவு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் பானெட்டைத் திறந்தால், அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். அதுதான் த்ராட்டில் பாடி. இன்ஜின் சூட்டைச் சுமந்து வரும் கூலன்ட், சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியே அதற்குள் போய் வரும். அந்த இரண்டையும் பிடுங்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் இரண்டு முனையிலும் எதையாவது திணித்து அடைத்துவிடுவார்கள். இதற்குக் 'கூலன்ட் பைபாஸ்' என்று பெயர். அரை மணி நேரம்கூட ஆகாது. இதில் ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் சில மாதம் கழித்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். அந்த பில்லைப் பார்த்தவர்கள் பிறகு பிக்கப் என்ற பேச்சையே எடுப்பதில்லை.

இந்த வியாபாரத்தின் பலமே அதன் செய்முறை விளக்கம்தான். கார் ஓடி வந்து நின்றதும், "சார், கையை வெச்சுப் பாருங்க" என்பார். வைத்தால் சுடும். "இவ்ளோ சூட்டுக்குள்ளதான் சார் உங்க இன்ஜின் மூச்சு விடுது. சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி. அதான் வண்டி இழுக்க மாட்டேங்குது." பைபாஸ் செய்தபின் மறுபடி தொடச் சொல்வார். முன்பு சுட்ட இடம் இப்போது வெதுவெதுப்பாக இருக்கும். கை சொல்லிவிட்டது, அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

கை சொன்னது அலுமினியத்தின் சூட்டை. உள்ளே போகும் காற்றின் சூட்டைக் கை சொல்லவே இல்லை. மொத்த ஏமாற்றும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,200 சிசி இன்ஜின், 6,000 ஆர்பிஎம்மில் முழு மிதியில் ஓடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ஆக நிமிடத்துக்கு 3,000 தடவை 1.2 லிட்டர், அதாவது 3,600 லிட்டர். நொடிக்கு 60 லிட்டர். த்ராட்டில் பாடியின் துளை 45 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதன் வழியே இவ்வளவு காற்று போக வேண்டுமென்றால் வேகம் நொடிக்கு 38 மீட்டரை நெருங்கும். அதாவது மணிக்கு 135 கிலோமீட்டர். த்ராட்டில் பாடியின் நீளமோ ஏழு சென்டிமீட்டர் அளவுதான். அதைக் கடக்க அந்தக் காற்றுக்கு ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். அகல்விளக்குச் சுடரின் ஊடாக விரலை வெடுக்கென்று வீசி எடுத்தால் விரல் சுடுவதில்லையே, அந்தக் கதைதான் இங்கேயும்.

சுவர் 90 டிகிரியில் இருந்து, வெளிக்காற்று 40 டிகிரியில் இருந்தால், இந்த வேகத்தில் காற்று ஏற்றுக்கொள்ளும் சூடு ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. ஒரு டிகிரிக்குக் காற்றின் அடர்த்தி 0.3 சதவீதம்தான் குறையும். 80 குதிரைசக்தி இன்ஜினில் அதன் மதிப்பு கால் குதிரை. தாராளமாகக் கொடுத்தால் அரைக் குதிரை. பின்சீட்டில் ஒரு மாமா கூடுதலாக ஏறி உட்கார்ந்தாலே அது காணாமல் போய்விடும். "நான் முழு மிதியில் ஓட்டுவதே இல்லையே, டிராஃபிக்கில் காற்று மெதுவாகத்தானே போகிறது, அப்போது நன்றாகச் சூடாகாதா?" என்று கேட்பீர்கள். ஆகும், கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். ஆனால் அந்த நேரத்தில் காற்றை அளந்து விடுவதே த்ராட்டில் தகடுதான். இழுவை குறைவாகப் பட்டால் உங்கள் கால் தானாக ஒரு மயிரிழை அதிகம் மிதிக்கும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே கடைகளில்தான் கம்பெனி ஏர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டரை மாட்டிவிடுகிறார்கள். கம்பெனி போட்ட குழாய் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், முன்பக்கக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கூம்பு ஃபில்டர் பானெட்டுக்கு உள்ளேயே நின்று, ரேடியேட்டர் ஃபேன் துப்பும் அனல்காற்றை இழுக்கிறது. அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது அங்கே வெளிக்காற்றைவிட இருபது, முப்பது டிகிரி கூட இருக்கலாம். அதை இழுக்க விட்டுவிட்டு, த்ராட்டில் பாடியில் ஒரு டிகிரியை மிச்சம் பிடிக்கிறார்களாம்!

சரி, கம்பெனிக்காரன் எதற்காக அங்கே வெந்நீரை ஓட விட்டான்? அவனுக்கு வேறு வேலை இல்லையா?

பனி உறைவதைத் தடுக்கத்தான். கார் ஐட்லிங்கில் நிற்கும்போது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். ஓரத்தில் மயிரிழை இடுக்கு. அதன் வழியே காற்று ஒலியின் வேகத்தை எட்டிப் பாயும். அப்படிப் பாயும்போது அந்த இடுக்கில் இருக்கும் காற்றின் வெப்பநிலை தடாலடியாக விழும். வெளியே 15 டிகிரி இருந்தாலும் அந்த ஓட்டத்தின் உள்ளே மைனஸுக்குப் போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால், இன்ஜினின் கிராங்க் கேஸிலிருந்து வரும் நீராவியும் சேர்ந்துகொண்டால், தகட்டைச் சுற்றி வெள்ளையாகப் படிய ஆரம்பிக்கும். கார்புரேட்டர் இருந்த காலத்தில் இது இன்னும் மோசம். பெட்ரோலும் அங்கேயே ஆவியாகி இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும். சின்ன விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு இது ஆரம்பப் பாடம். உறைபனி இல்லாத நாளில்கூட, 20 டிகிரியை ஒட்டிய ஈரக்காற்றில்கூட, கார்புரேட்டரில் பனி கட்டி இன்ஜின் அணைந்துபோகலாம் என்று சொல்லித்தான் அவர்களை ஏற்றுவார்கள். கார்களில் இன்ஜெக்‌ஷன் வந்தபின் ஆபத்து பெரிதும் குறைந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை.

"சென்னையில ஏது சார் பனி?" இதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மீனம்பாக்கத்திலும் மதுரையிலும் த்ராட்டில் தகடு உறையப் போவதில்லை. ஆனால் கார் ஊரோடு கட்டிப் போட்ட பொருள் இல்லையே. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்வெளி உப்பு தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். லடாக் போய் 5,300 மீட்டருக்கு மேலே கர்துங் லாவில் படம் எடுத்துப் போடாத கார் பைத்தியம் இப்போது யார் இருக்கிறார்கள்? டொராண்டோவில் இருக்கும் தம்பிமார்கள் இங்கே வரும் வீடியோவைப் பார்த்து அங்கே மைனஸ் 20 டிகிரியில் இதைச் செய்தால் அதைவிட விபரீதம் வேறில்லை. மூடிய நிலையில் தகடு ஒட்டிக்கொண்டால் வண்டி அணையும், அதோடு போயிற்று. திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால்? காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துக்கொண்டே போகும்.

ஆனாலும் நம் ஊர்க்காரர்களை நான் பயமுறுத்த வந்தது பனியைக் காட்டி அல்ல. இங்கே காரைக் கொல்வது சூடு. அந்தச் சின்ன ஹோஸை 'த்ராட்டிலைச் சூடாக்கும் ஹோஸ்' என்று மட்டும் நினைத்து அடைப்பதால் வரும் சூடு.

அமெரிக்காவில் இந்த பைபாஸ் பைத்தியம் பிடித்து ஆட்டியது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் வி8 இன்ஜினை. 1997 செவர்லே கார்வெட்டில் வந்தது. அதில் த்ராட்டில் பாடிக்குள் போகும் ஹோஸ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சிலிண்டர் ஹெட்டுகளின் உச்சியிலிருந்து. ஹெட்டுக்குள் கூலன்ட் கொதித்து நீராவிக் குமிழி உண்டானால், காற்று சிக்கினால், அது மேலே ஏறி வெளியேற வைத்த வழி அது. போகிற வழியில் த்ராட்டிலையும் கொஞ்சம் சூடாக்கிவிட்டுப் போகட்டும் என்று இணைத்திருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் த்ராட்டில் பாடியை மட்டும் விட்டுவிட்டு ஹோஸை நேரே ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்ஜின் பிழைத்தது. 'எதற்கு இவ்வளவு நீட்டி முழக்கணும்' என்று முனையை அடைத்தவர்கள், நீராவி வெளியேறும் வழியையே அடைத்தார்கள். குமிழி ஹெட்டின் மூலையில் தங்கிவிடும். அந்த இடத்தில் உலோகத்தைத் தொட்டுச் சூட்டை எடுத்துப்போகக் கூலன்ட் இருக்காது. சுற்றிலும் 95 டிகிரி, அந்த ஒரு மூலையில் மட்டும் அதைவிட எவ்வளவோ அதிகம்.

நம் ஊரில் ஓடும் சின்ன நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின்களின் குழாய் அமைப்பு இதேபோல இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒரு காரில் அந்த ஹோஸ் வெறும் கிளை. அடைத்தாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்றில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றி வருவதற்கான வழியில் அதுவும் ஒரு பங்கு. வேறொன்றில் காற்று வெளியேறும் வழி. பல கார்களில் த்ராட்டில் பாடி இன்ஜினின் உயரமான இடத்தில் இருப்பதால், காற்று தேடிப் போய் உட்காரும் இடமே அதுதான். பானெட்டைத் திறந்து மேலாகப் பார்த்துவிட்டு 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று சொல்லிவிட முடியாது. அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் கூலிங் சர்க்யூட் படம் இருக்கும். பைபாஸ் போடுகிற ஆளிடம் அந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். முகம் போகும் போக்கிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

போன வருடம் தெரிந்தவர் ஒருவர் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். வண்டி பளபளவென்று இருந்தது. வாங்கிக் கொஞ்ச நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் அணைந்து நின்றது. நான் போய்ப் பார்த்தபோது த்ராட்டில் பாடியின் இரண்டு மூக்குகளும் காலியாக வாய் பிளந்திருந்தன. ஒரு ஹோஸின் முனையில் துருப்பிடித்த எட்டாம் நம்பர் போல்ட்டைத் தலைகீழாகத் திணித்து, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். இன்னொரு ஹோஸில் இருந்த போல்ட் எங்கோ ரோட்டில் விழுந்துவிட்டது. பானெட்டின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைத் தெறிப்பு காய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் டீ நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டன. விற்றவரோ தரகரோ மூச்சு விடவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வண்டியை வாங்கியவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை மட்டும் இங்கே அடிக்கோடிட வேண்டும்: "மீட்டர்ல முள்ளு ஏறவே இல்லப்பா!" அவர் பொய் சொல்லவில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைச் சொல்லும். கூலன்ட் வடிந்து சென்சாரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அது வெறும் காற்றில் தொங்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் நடுவில் சாதுவாக நிற்கும். சில நேரம் இறங்கவும் செய்யும். இப்போது வரும் பல கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அதையும் ஏற்ற வேண்டியது அதே சென்சார்தான். ஆகவே பைபாஸ் போட்ட காரில் 'முள் ஏறினால் பார்த்துக்கொள்வோம்' என்று இருந்துவிடாதீர்கள். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் அங்கே போய்ச் சேரவில்லை; ஒன்று குறைந்துவிட்டது, அல்லது உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஆகிவிட்டது. உடனே ஓரம் கட்டுங்கள்.

அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் தட்டையாக இருந்த அடிப்பக்கம் வளைந்துவிடும். ஃபேஸிங் கொடுத்துச் சமன் செய்யலாம், அதுவும் ஓரளவு வளைவுக்குத்தான். அதற்குமேல் போனால் புது ஹெட். கேஸ்கெட், போல்ட், கூலி, ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த அரைக் குதிரைசக்திக்குத் தங்க விலை.

ஹோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடைக்காமல் இரண்டு முனையையும் சேர்க்கும் 'நல்ல' பைபாஸில்கூட, நடுவில் என்ன குழாயைப் போடுகிறார்கள் என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கொத்தனார் மட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடி ட்யூபைப் போட்டிருப்பார்கள். பிவிசி அது, 80 டிகிரியைத் தாண்டினாலே தளர்ந்து தொளதொளத்துவிடும். கூலன்ட்டோ 90 டிகிரிக்கு மேல், அதுவும் அழுத்தத்தோடு ஓடுகிறது. வேறு சிலர் பெட்ரோல் ஹோஸைப் போடுவார்கள். அளவு பொருந்தும், பார்க்கவும் கறுப்பாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ரப்பர் வேறு. பெட்ரோலுக்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர், வெந்நீர்க் கூலன்ட்டில் நாளடைவில் இறுகி வெடிக்கும். கூலன்ட்டுக்கு வேண்டியது ஈபிடிஎம் ரப்பர். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்கத் தெரியாததால் வருகிற வினை இது. போதாக்குறைக்கு, புதுக் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உரசாமல் போகிறதா என்றும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பழைய கார்களில் இன்னொரு கூத்து உண்டு. 1990களின் ஹோண்டா சிவிக் போன்றவற்றில் த்ராட்டில் பாடியோடு சேர்ந்தே ஒரு மெழுகு வால்வு இருக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் காற்றை விட்டு ஐட்லிங்கை ஏற்றி வைக்கும். கூலன்ட் சூடானதும் மெழுகு விரிந்து அந்த வழியை மூடும். கூலன்ட்டையே வெட்டிவிட்டால் மெழுகுக்கு இன்ஜின் சூடானது தெரியாது. வண்டி நாள் முழுக்கக் காலை நேர ஐட்லிங்கிலேயே கத்திக்கொண்டிருக்கும். ஐட்லிங் ஏறிவிட்டது என்று இன்னொரு மெக்கானிக்கிடம் போவீர்கள். அவர் வேறெதையாவது திருகுவார்.

சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட கார்க்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சிஎன்ஜி சிலிண்டரில் வாயு 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் முன் ரெடியூசர் அதை இரண்டு மூன்று பார் அளவுக்கு இறக்குகிறது. அழுத்தம் இப்படி விழும்போது வாயு கடுமையாகக் குளிரும். எல்பிஜியிலோ திரவம் ஆவியாகும்போதே சூட்டை உறிஞ்சும். சித்திரை வெயிலிலும் ரெடியூசர் உறையாமல் இருப்பதற்கு ஒரே காரணம், இன்ஜின் கூலன்ட் அதன் உடம்புக்குள் ஓடுவதுதான். அந்தக் கூலன்ட்டை எங்கிருந்து எடுத்தார்கள்? சிலர் ஹீட்டர் ஹோஸில் 'T' இணைப்பு போட்டு எடுப்பார்கள். சிலர் கைக்கு எட்டுகிற த்ராட்டில் பாடி ஹோஸை வெட்டி அதன் வரிசையிலேயே ரெடியூசரைச் சேர்த்துவிடுவார்கள். இப்படிச் சேர்த்த காரில் பைபாஸ் போடுகிறவர் கைக்கு வந்த ஹோஸை அடைத்தால் ரெடியூசருக்குச் சூடு நின்றுபோகும். அடைக்காமல் இணைத்துவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல், அதாவது ஏர் எடுக்காமல், விட்டாலும் அதே கதிதான். கொளுத்தும் வெயிலில் ரெடியூசரின் மேல் வெள்ளையாகப் பனி படியும். உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் விறைக்கும். வண்டி வெட்டி வெட்டிப் போகும், தானாக பெட்ரோலுக்கு மாறும். 'கேஸ்ல தண்ணி கலந்துட்டான்' என்று பங்க் ஊழியரோடு சண்டைக்குப் போவோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சரியான ஹோஸ், சரியான கிளாம்ப், முறையாக ஏர் எடுத்து, கூலன்ட் ஓட்டத்தை எங்கும் தடுக்காமல் இணைத்த பைபாஸ் சமவெளியில் ஓடும் காரை உடனே கொன்றுவிடாது. அதனால் பைசா பிரயோஜனமும் இருக்காது, அவ்வளவுதான். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் நானே இதைச் செய்யச் சொல்வேன். த்ராட்டில் பாடிக்குள்ளேயே கூலன்ட் கசிகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஊரோ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு ஹோஸையும் இணைத்து ஊர் வந்து சேருங்கள். வந்ததும் த்ராட்டில் பாடியை மாற்றிப் பழைய வழியைத் திரும்பக் கொடுங்கள். நாலு மாதம் அப்படியே ஓட்டிவிட்டு மறந்துபோனவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அந்தக் கசிவே பெரும்பாலும் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியதன் விளைவு. உப்புத் தண்ணீர் அந்த எட்டு மில்லிமீட்டர் பாதையை அரித்தும் வைக்கும், அடைத்தும் வைக்கும்.

வாரன்டியில் இருக்கும் காரா? பேச்சே இல்லை. இன்ஜின் சூடாகிப் பழுதானால் சர்வீஸ் சென்டர் முதலில் தேடுவது வெளி ஆள் கை வைத்த தடயத்தைத்தான். கம்பெனி கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு ரூபாய் திருகு கிளாம்ப் மின்னுவதைப் பார்த்த பிறகு அவர்கள் இன்னொரு காரணம் தேட மாட்டார்கள்.

இதைப் படித்து முடித்ததும் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள், குறிப்பாகக் காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் எடுப்பதற்கு முன், பானெட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் தடித்த குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் த்ராட்டில் பாடி வரும். அதன் அடியிலோ பக்கவாட்டிலோ விரல் தடிமனில் இரண்டு மூக்குகள் இருக்கின்றனவா, இருந்தால் அவற்றில் ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூக்கே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். கூலன்ட் ஓடாத த்ராட்டில் பாடியோடு வரும் கார்களும் உண்டு. மூக்கு இருந்து, அது காலியாக இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போல்ட் திணித்த ஹோஸ், ரப்பர் மூடி, புதுக் கிளாம்ப், நிறம் மாறிய துண்டுக் குழாய் ஏதாவது கண்ணில் படும். எக்ஸ்பான்ஷன் டேங்கில் கூலன்ட் 'MIN' கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இன்று ஒரு கோடு போட்டு வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ போகிறது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தப்பித் தவறியும் தொடாதீர்கள். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அத்தனை பார் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்த அடுத்த கணம் அழுத்தம் போய், கொதிநீரும் நீராவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் அது கையைக் காப்பாற்றும், முகத்தைக் காப்பாற்றாது. குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். வண்டியை ஓரம் கட்டியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றும் ஆர்வக்கோளாறும் வேண்டாம். ஹெட்டில் விரிசல் விட அது ஒன்றே போதும்.

தரையில் கூலன்ட் வடிந்து கிடந்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கும், குழந்தை விரலை வைத்து வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைத் தாக்குகிற விஷம் அது. யாராவது விழுங்கிவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.

பைபாஸைப் பிரித்துப் பழையபடி மாட்ட முடிவு செய்துவிட்டீர்களா? கம்பெனி உதிரிபாகக் கடையில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். வளைவோடு வார்த்த அந்தந்த ஹோஸே கிடைக்கும். நேர்க் குழாயை வளைத்து மாட்டினால் மடிந்து அடைத்துக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் த்ராட்டில் பாடியின் கூலன்ட் பாதையில் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்ததால் உள்ளே படிவு கட்டியிருக்கலாம். மாட்டியபின் ஏர் எடுக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். காரின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை விட்டு, ஆறிய பிறகு குறைந்த அளவை நிரப்ப வேண்டும். "அதெல்லாம் தேவையில்ல சார், ஓட ஓடத் தானா போயிடும்" என்று சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.